நீர்வழி நகரங்கள் – 6: கடல் விட்டுப்போன புரூஜ்

சென்ற வாரம் கென்ட் ரயில் நிலையத்தில் நிறுத்தியிருந்தேன். அங்கிருந்து புரூஜுக்கு அரை மணி நேரம்கூட ஆகாது. பெல்ஜியத்தின் மேற்கு ஃபிளாண்டர்ஸ் மாகாணத்துக்குத் தலைநகர் அது. வட கடல் அந்த ஊரிலிருந்து சுமார் 15 கிலோமீட்டர் தள்ளியிருக்கிறது. புரூஜின் செல்வமும் வறுமையும் அழகும் இந்தப் 15 கிலோமீட்டருக்குள்தான் அடங்கியிருக்கின்றன என்பதால், இந்த வாரம் அந்தத் தூரத்தைப் பற்றியே எழுதுகிறேன்.

எந்த மாதம் போகலாம் என்று வாசகர்கள் பலர் கேட்டிருக்கிறீர்கள். மார்ச் கடைசியும் ஏப்ரல் முதல் பாதியும் நல்ல காலம். காற்றில் குளிர் இருக்கும், கம்பளிச் சட்டை இல்லாமல் இறங்க வேண்டாம். ஆனால் வெயில் இரவு எட்டு மணி வரை நிற்கும். குளிர்காலத்தில் கட்டிவைத்த படகுகளும் மார்ச்சில் மறுபடி ஓடத் தொடங்கிவிடும். நாங்கள் போனது ஈஸ்டருக்கு முந்தைய வாரம். கடைக் கண்ணாடிகளுக்குப் பின்னால் சாக்லேட்டில் வார்த்த முட்டைகள், முயல்கள், கோயில் மணிகள். ஈஸ்டர் முட்டைகளை ரோமாபுரியிலிருந்து பறந்து வரும் மணிகள்தான் கொண்டுவந்து போடுகின்றன என்று அந்த நாட்டுக் குழந்தைகளுக்குச் சொல்வார்களாம்.

ரயில் நிலையத்திலிருந்து ஊருக்குள் நடந்தால் முதலில் வருவது மின்னவாட்டர் ஏரி. காதலர் ஏரி என்று விளம்பரப்படுத்துகிறார்கள். அன்னங்கள், வில்லோ மரங்கள், புகைப்படம் எடுக்கும் இளம் தம்பதிகள். என் கணவர் பொதுப்பணித் துறையில் பாசனப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் அன்னங்களைப் பார்க்கவில்லை. ஏரியின் ஊர்ப்பக்கக் கடைசியில் செங்கல்லில் கட்டிய ஒரு பழைய வீடு தண்ணீரின் மேலேயே நிற்கிறது. அதன் அடியில் தண்ணீர் நுழைந்து போகும் வளைவுகள். அங்கே போய் நின்றுகொண்டார்.

"இது வீடு இல்ல, மதகு. ஏரித் தண்ணிய ஊருக்குள்ள அளந்து விடுற இடம். தண்ணி ஓடுதா நிக்குதா, பார்த்துச் சொல்லு."

"நிக்கிற மாதிரிதாங்க இருக்கு."

"ஓடுது. ரொம்ப மெதுவா ஓடுது. இந்த ஊரோட கதையே இதுதான்."

அவர் சொன்னது சரிதான். புரூஜின் கால்வாய்கள் ரெயே என்னும் சிற்றாற்றிலிருந்து பிறந்தவை. அந்த ஆறு பெரிய கப்பலைத் தாங்கும் ஆறில்லை. 1134இல் வந்த பெரும் புயல்வெள்ளம் கடற்கரையை உடைத்து உள்நாட்டுக்குள் ஆழமான ஒரு கழியைத் திறந்துவிட்டது. அதன் பெயர் ஸ்வின். புரூஜ் வணிகர்கள் அந்தக் கழி வரை கால்வாய் வெட்டி, கழியின் முனையில் டாம் என்ற துறைமுகத்தை உண்டாக்கினார்கள். 1277இல் ஜெனோவாவிலிருந்து முதல் வணிகக் கப்பல் வந்தது. அடுத்த நூற்றாண்டில் வெனிஸ் கப்பல்களும் வரத் தொடங்கின. இங்கிலாந்தின் கம்பளி, ஃபிளாண்டர்ஸ் நெசவாளர்களின் துணி, பால்டிக் பகுதியின் மென்மயிர்த் தோல், தென்னாட்டு ஒயின் எல்லாம் இங்கே கைமாறின. மலபார்க் கரையிலிருந்து அரபு வணிகர் கைக்குப் போய், அலெக்சாண்ட்ரியாவில் வெனிஸ்காரர் வாங்கிய மிளகும் இந்தக் கால்வாய்ப் படிகளில்தான் இறங்கியது.

பிறகு கடல் விலகிப் போய்விட்டது என்று படகோட்டிகள் சொல்கிறார்கள். அரை மணி நேரப் படகுச் சவாரியில் அதற்கு மேல் சொல்லவும் நேரமில்லை. ஆனால் இந்த விலகலுக்குக் காரணம் இயற்கை மட்டும் அல்ல. ஒரு கழியைத் திறந்து வைத்திருப்பது ஓதம். ஏற்றத்தின்போது உள்ளே பரவும் நீர், வற்றும்போது வேகமாக வெளியேறி, தான் கொண்டுவந்த மணலையும் வாரிக்கொண்டு போகும். உள்ளே பரவ இடம் எவ்வளவு அகலமோ, வெளியேறும் வேகமும் அவ்வளவு. ஸ்வின் கழியின் இருபுறமும் இருந்த உவர்ச் சதுப்பு நிலத்தை மடங்களும் பிரபுக்களும் கரை கட்டி வளைத்து வயலாக்கினார்கள். தலைமுறை தலைமுறையாக அது நடந்தது. நீர் பரவ இடம் குறுகியது. வெளியேறும் நீருக்கு வேகம் போயிற்று. மணல் தங்கிவிட்டது. டாமுக்கு வர முடியாத பெரிய கப்பல்கள் கழிமுகத்துக்கு அருகே ஸ்லைஸ் என்ற ஊரில் நின்று, சரக்கைச் சிறு படகுகளில் மாற்றி அனுப்பின. பிறகு ஸ்லைஸும் தூர்ந்தது.

"கடல் எங்கயும் போகலம்மா. அது வந்து போற வழிய இவங்க அடைச்சுட்டாங்க" என்றார் என் கணவர். நம் ஊர் முகத்துவாரங்களில் கோடைதோறும் மணல்மேட்டை வெட்டிவிட்டு, பக்கத்துச் சதுப்பு நிலத்தில் கட்டடம் எழும்புவதைப் பார்த்துக்கொண்டு பணிபுரிந்தவர் அவர். அன்று வெகுநேரம் பேசவில்லை.

மணல் தொடங்கியதை அரசியல் முடித்தது. 1488இல் ஹாப்ஸ்பர்க் இளவரசர் மாக்சிமிலியானை புரூஜ் மக்கள் சந்தைச் சதுக்கத்து வீடொன்றில் சிறைவைத்தார்கள். அவருடைய ஆலோசகர் பீட்டர் லங்க்ஹால்ஸின் தலையைத் துண்டித்தார்கள். விடுதலையான மாக்சிமிலியான், அயல்நாட்டு வணிகர்களை ஆன்ட்வெர்ப்புக்குப் போகச் சொன்னார். லங்க்ஹால்ஸின் குலச்சின்னம் அன்னம் என்பதால், அவர் சாவுக்குத் தண்டனையாக இந்த ஊர் என்றென்றும் அன்னங்களை வளர்க்க வேண்டும் என்று விதித்ததாக ஒரு கதை உண்டு. கதைதான். ஆனால் வணிகர்கள் போனது உண்மை. 1498இல் போர்ச்சுகீசியர் கோழிக்கோட்டில் இறங்கிய சில ஆண்டுகளிலேயே, அவர்கள் கப்பலில் வந்த மிளகு புரூஜை விட்டு ஆன்ட்வெர்ப்பில் விற்பனைக்கு வந்தது.

ஊர் தளர்ந்த அந்தக் காலத்தில் 1548இல் இங்கே பிறந்தவர் சைமன் ஸ்டெவின். அவர் பெயரிலேயே ஒரு சதுக்கமும் அதில் அவர் சிலையும் இருக்கின்றன. சாக்லேட் வாங்கும் அவசரத்தில் யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. அரபுக் கணித அறிஞர்களுக்கு முன்பே தெரிந்திருந்த தசமக் கணக்கை, 1585இல் ஒரு சிறு நூலாக எழுதி ஐரோப்பாவின் நில அளவையாளருக்கும் வணிகருக்கும் பழக்கியவர் இவர். தேங்கி நிற்கும் நீரின் அழுத்தம் அதன் ஆழத்தைப் பொறுத்ததே தவிர, கொள்கலத்தின் வடிவத்தைப் பொறுத்ததல்ல என்று நிறுவியவரும் இவரே. மதகுகளைப் பற்றியும் எழுதினார். ஆனால் அந்த அறிவெல்லாம் வடக்கே ஹாலந்துக்குத்தான் பயன்பட்டது. ஊர் நொடித்தால் முதலில் வெளியேறுவது அறிவாளிகள்தான்.

வறுமை முந்நூறு ஆண்டு நீடித்தது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பெல்ஜியத்தின் மிக ஏழை நகரங்களுள் ஒன்றாக இருந்தது புரூஜ். பழைய வீட்டை இடித்துப் புது மாளிகை எழுப்பப் பணம் இல்லை. ஆலைகள் வரவில்லை. அதனால்தான் இன்று நாம் பார்க்கும் தெருக்கள் பிழைத்தன. ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இங்கே கோதிக் பாணியில் தெரிவதெல்லாம் இடைக்காலத்தவை அல்ல. பல முகப்புகள் 19ஆம் நூற்றாண்டில் பழைய பாணியில் திருத்திக் கட்டியவை. அதனால் அவற்றின் அழகு குறைந்துவிடாது. தெரிந்துகொண்டு ரசிப்பது நல்லது.

அந்த வறுமையில் பெண்கள் பட்ட பாட்டை செயின்ட் அன்னா பகுதியில் உள்ள சரிகைப் பின்னல் மையத்தில் பார்க்கலாம். தலையணை போன்ற மெத்தையில் குண்டூசிகள் குத்தி, நூல் சுற்றிய மரக்கதிர்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுகிறார்கள். பிற்பகலில் போனால் மூத்த பெண்கள் பின்னுவதை அருகே நின்று பார்க்கலாம். ஒரு காலத்தில் ஏழை வீட்டுச் சிறுமிகளைக் கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளிகளில் சேர்த்து இந்த வேலையைக் கற்றுக்கொடுத்தார்கள். ஆயிரக்கணக்கான பெண்கள் மங்கிய வெளிச்சத்தில் கண்ணைக் கெடுத்துக்கொண்டு சொற்பக் கூலிக்குப் பின்னிய சரிகை அது. சந்தையருகே மலிவாகத் தொங்குவதில் பெரும்பகுதி இயந்திரத்தில் செய்தது. கையால் பின்னியதற்குக் கேட்கும் விலை நியாயமானது.

மணிக்கோபுரத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 83 மீட்டர் உயரம், 366 படி, மேலே 47 மணிகள். முழங்கால் இடம்கொடுத்தால் ஏறுங்கள். அன்னை மரியாள் தேவாலயத்தில் மிக்கலாஞ்சலோவின் பளிங்குத் தாயும் சேயும் உண்டு. பிரெஞ்சுப் படை ஒருமுறையும் நாஜிகள் 1944இல் ஒருமுறையும் தூக்கிப்போய், இரண்டு முறையும் திரும்பி வந்த சிலை. எதிரே செயின்ட் ஜான் மருத்துவமனை, 12ஆம் நூற்றாண்டிலிருந்து நோயாளிகளைக் கவனித்த இடம். இப்போது மெம்லிங்கின் ஓவியங்கள் அங்கே இருக்கின்றன.

ஆனால் இந்த ஊரில் என் மனம் நின்றது பெகினாஜில். மதகு வீட்டுக்குப் பக்கத்திலேயே மூன்று வளைவுள்ள சிறு பாலம். அதைக் கடந்து வாயிலுக்குள் நுழைந்தால், நடுவே உயர்ந்த மரங்கள் நிற்கும் புல்வெளி, சுற்றிலும் வெள்ளையடித்த வீடுகள். வசந்தத்தில் அந்தப் புல்வெளி முழுக்க டாஃபடில் பூத்து மஞ்சளாகிவிடுகிறது. இலை துளிர்க்காத மரங்களின் ஊடாக வெயில் தடையின்றித் தரையில் விழும் சில வாரங்கள்தான் அந்தப் பூவுக்கு வாழ்வு.

இங்கே வாழ்ந்த பெண்களைப் பெகீன்கள் என்பார்கள். 13ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் பெண்ணுக்குத் திருமணம் அல்லது கன்னிமாடம் என்ற இரண்டு வாசல்கள்தான் திறந்திருந்தன. கன்னிமாடத்தில் சேரவும் சீதனம் வேண்டும். துணித் தொழிலில் வேலை தேடி நகரத்துக்கு வந்த பெண்கள் மூன்றாவதாக ஒரு வாசலைத் தாங்களே திறந்தார்கள். ஒன்றாகக் கூடி வாழ்ந்தார்கள், பிரார்த்தித்தார்கள், கம்பளி அலசியும் நூல் நூற்றும் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டும் சம்பாதித்தார்கள். ஆயுளுக்கும் கட்டுப்படுத்தும் சத்தியம் எதுவும் கிடையாது. சொத்து தன் பெயரிலேயே இருக்கும். மணம் முடிக்க விரும்பினால் வெளியே போகலாம். 1245இல் இந்த வளாகத்தை நிறுவிய மார்கரெட், ஃபிளாண்டர்ஸைத் தன் உரிமையில் ஆண்ட பெண்.

திருச்சபைத் தலைவர்களுக்கு இது பிடிக்கவில்லை. பெகீனாக அறியப்பட்ட மார்கரீத் போரெத், தான் எழுதிய நூலுக்காக 1310இல் பாரிஸில் உயிரோடு எரிக்கப்பட்டார். அடுத்த ஆண்டு கூடிய வியன் சங்கம் பெகீன்களைக் கண்டித்துத் தீர்ப்பெழுதியது. ஃபிளாண்டர்ஸில் ஆட்சியாளர்களின் ஆதரவு இருந்ததால் அவர்கள் தப்பினார்கள். உலகின் கடைசிப் பெகீன் பெல்ஜியத்தின் கோர்ட்ரெய்க் நகரில் 2013இல்தான் காலமானார். புரூஜ் வளாகத்தில் 1927 முதல் பெனடிக்ட் சபைச் சகோதரிகள் இருக்கிறார்கள், தனித்து வாழும் பெண்கள் சிலரும் குடியிருக்கிறார்கள். அமைதி காக்கும்படி வாயிலில் வேண்டுகோள் இருக்கிறது. கோட்டைகளையும் தேவாலயங்களையும்விட இந்த வெள்ளை வீடுகளைத்தான் ஃபிளாண்டர்ஸின் பெரிய சாதனையாக நான் மதிக்கிறேன்.

1907இல் ஸேப்ரூக என்ற புதுத் துறைமுகமும் அதற்கு ஒரு கால்வாயும் திறந்து, புரூஜ் மறுபடி கடலைத் தொட்டது. இன்று அந்தத் துறைமுகத்தில் உல்லாசக் கப்பல்கள் நிற்கின்றன. பயணிகள் காலையில் பேருந்தில் வந்து மாலையில் போய்விடுகிறார்கள். ஏறத்தாழ 20,000 பேர் வாழும் உள்நகருக்குள், பெருந்தொற்றுக்கு முன்பு ஆண்டுக்குச் சுமார் 80 லட்சம் பேர் வந்தார்கள். 2019இல் நகர நிர்வாகம் ஒருநாள் பயணங்களுக்கான விளம்பரத்தை நிறுத்தியது, கப்பல்களின் எண்ணிக்கைக்கும் வரம்பு கேட்டது. நியாயமான முடிவு. பத்து மணிக்கு மேல் சந்தைச் சதுக்கத்தில் நடக்க இடமில்லை. மாலை ஆறு மணிக்குப் பிறகு அதே தெருவில் கால்வாய் நீரின் சத்தம் கேட்கிறது.

போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். பிரஸ்ஸல்ஸில் தங்கிக்கொண்டு ஒரே நாளில் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள், இரண்டு இரவாவது புரூஜிலேயே தங்குங்கள். பெகினாஜுக்குக் காலையிலேயே போய்விடுங்கள், அங்கே குடியிருப்பவர்களின் சன்னலை நோக்கிக் கைபேசியைத் தூக்காதீர்கள். கிழக்கே காற்றாலைகள் நிற்கும் கரைமேட்டில் நடந்து, நெப்போலியன் வெட்டச் சொன்ன கால்வாயோரமாக டாம் வரை சைக்கிளில் போய்வாருங்கள். கப்பல் நின்ற இடத்தில் இப்போது வயல்கள் இருக்கின்றன.

அடுத்த வாரம், மிளகு போன வழியில் ஆன்ட்வெர்ப்.

(தொடரும்)