ஏர் ஃப்ரையர்: முதல் 30 நாள்ல தெரிஞ்சிடும், அது லாபமா அலங்காரமான்னு

சம்பளம் ஏறின முதல் வாரத்துல, டாக்ஸ் கேள்விகளோட சேர்ந்து இப்போ இந்தக் கேள்வியும் எனக்கு வருது: "ஏர் ஃப்ரையர் வாங்கலாமா? எண்ணெய்ச் செலவு மிச்சமாகும்ல?"

நேராவே சொல்லிடுறேன். எண்ணெய் மிச்சத்தை நம்பி வாங்காதீங்க. தனியாகவோ ரெண்டு பேராகவோ இருக்கிற வீட்டில், பொரிக்கிறதுக்கு மாசம் ஆகிற எண்ணெயே கொஞ்சம்தான். இந்த மெஷின் போட்ட காசைத் திருப்பித் தரணும்னா, ராத்திரி 9 மணிக்கு போன்ல போடுற ஆர்டர் நிற்கணும்.

கணக்கைப் பார்த்துடலாம்

மெஷின் விலை 6,000 ரூபாய்னு வச்சுக்குங்க. வடபழஞ்சி ஐ.டி. பார்க்கில் ஷிஃப்ட் முடிச்சு கோச்சடை பக்கம் வாடகை வீட்டுக்கு வர்ற ஒருத்தர், வாரம் ஒரு சிக்கன் 65 ஆர்டர் பண்றார். டெலிவரியோட 250 ரூபாய். அதையே கால் கிலோ கறி வாங்கி வீட்டில் செஞ்சா, மசாலா, கரண்ட் எல்லாம் சேர்த்து 110 ரூபாய். ஒரு தடவைக்கு மிச்சம் 140. அதாவது 43 ஆர்டர் நின்னா மெஷின் காசு வந்துடும். வாரம் ஒண்ணுன்னா பத்து மாசம்.

இன்னொரு பக்கமும் பாருங்க. ரெண்டு வருஷத்தில் வாரம் 3 தடவை ஓட்டினா, ஒரு தடவைக்கு மெஷின் செலவு சுமார் 19 ரூபாய். மாசம் 2 தடவைதான்னா 125 ரூபாய். மெஷினும் விலையும் அதேதான். நீங்க பழகுற பழக்கம்தான் வித்தியாசம். அதனால முதல் மாசம் சரியா ஆரம்பிக்கிறது முக்கியம்.

இது பொரிக்கிற சட்டி இல்லை

பிலிப்ஸ் கம்பெனி 2010-ல் பெர்லினில் நடந்த கண்காட்சியில் இதை அறிமுகப்படுத்தினப்போ வச்ச பேர்தான் ஏர் ஃப்ரையர். உண்மையில் இது ஒரு குட்டி அவன். மேலே சூடாகிற காயில், அதோட ஒரு ஃபேன். சூடான காற்று வேகமா சுத்தி, மேல்பக்க ஈரத்தை உலர்த்தி மொறுமொறுப்பாக்குது. இதைப் புரிஞ்சுக்கிட்டா எது வரும், எது வராதுன்னு நீங்களே சொல்லிடுவீங்க.

வராதது: பஜ்ஜி, உளுந்த வடை. மாவு தளர்வா இருக்கிறதால, எண்ணெயில் போட்ட உடனே பிடிக்கிற மாதிரி காற்றில் பிடிக்காது. கூடை வழியா ஒழுகிடும். அதைக் கடையிலேயே சாப்பிடுங்க. அப்பளம் லேசா இருக்கிறதால ஃபேன் காற்றில் பறந்து காயிலில் ஒட்டும். விட்டுடுங்க.

நல்லா வர்றது:

- சிக்கன் 65: தயிர், இஞ்சி பூண்டு, மிளகாய்த்தூள், ஒரு ஸ்பூன் அரிசி மாவு, ரெண்டு டீஸ்பூன் எண்ணெய் போட்டுப் பிரட்டி, 180 டிகிரியில் 12 நிமிஷம். திருப்பிப் போட்டு 200-ல் 3 நிமிஷம். பெரிய துண்டை வெட்டிப் பாருங்க, உள்ளே சிவப்பு இருந்தா இன்னும் வேகணும்.
- சேப்பங்கிழங்கு: குழையாம வேகவச்சு, தோல் உரிச்சு, மசாலா தடவி 190-ல் 15 நிமிஷம்.
- மசாலா தடவின மீன் துண்டு: 180-ல் 10 முதல் 12 நிமிஷம்.
- நிலக்கடலை: 160-ல் 8 முதல் 10 நிமிஷம், நடுவில் ரெண்டு தடவை குலுக்கணும்.
- மீந்துபோன சமோசா, ஆமவடை: 160-ல் 4 நிமிஷம்.

மூணு விதி போதும். முன்னாடியே 3 நிமிஷம் சூடாக்குங்க. ஒரே அடுக்கா பரப்புங்க, கூடையை நிறைச்சா பொரியாது, அவிஞ்சுதான் போகும். எண்ணெயே இல்லாம செய்யாதீங்க, காய்ஞ்சுபோய் "இதுக்கு ஆர்டரே பண்ணியிருக்கலாம்"னு தோணும்.

வாங்குறதுக்கு முன்னாடி பிளக் பாயிண்ட்டைப் பாருங்க

நிறைய மாடல் 1,500 வாட். 230 வோல்ட்டில் அது 6.5 ஆம்பியர். மிக்ஸி போடுற சாதாரண 6 ஆம்பியர் பாயிண்ட் இதுக்குப் பத்தாது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் வேண்டாம், சூடாகி உருகும். 16 ஆம்பியர் பவர் பிளக் வேணும். வாடகை வீட்டுக் கிச்சனில் பல சமயம் அது ஒண்ணுதான் இருக்கும், அதிலும் ஃப்ரிட்ஜ் ஓடும். ஹவுஸ் ஓனர்கிட்ட கேட்டு இன்னொண்ணு போடணும்னா, எலக்ட்ரீஷியன் கூலியையும் விலையோட சேருங்க.

கரண்ட் செலவு பயப்படுற அளவு இல்லை. 20 நிமிஷம் ஓடினா அதிகபட்சம் அரை யூனிட். ஆனா ரெண்டு மாச ரீடிங் 500 யூனிட் பக்கத்தில் இருக்கிற வீடுன்னா கவனம். 2022 செப்டம்பரில் வந்த கட்டணத்தில் 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய், 510 யூனிட்டுக்கு 2,030 ரூபாய். பத்து யூனிட்டுக்கு 305 ரூபாய்! 500-ஐத் தாண்டினா, கீழே இருக்கிற யூனிட்டுக்கும் சலுகை ரேட் போயிடுறதுதான் காரணம். அதுக்கப்புறம் ரேட் இன்னும் ஏறியிருக்கு.

நோ காஸ்ட் இ.எம்.ஐ.ன்னா செலவே இல்லையா?

இல்லை. பேங்க் வட்டி போடும், அந்த அளவு தொகை விலையில் தள்ளுபடியா கழியும். ஆனா அந்த வட்டி மேல 18% ஜி.எஸ்.டி.யும், பிராசஸிங் ஃபீஸும், அதுக்கான ஜி.எஸ்.டி.யும் உங்க கார்டில்தான் ஏறும். வட்டி 260, ஃபீஸ் 199ன்னு வச்சா, கையை விட்டுப் போறது சுமார் 280 ரூபாய். 6,000 ரூபாய்ப் பொருளுக்கு இது தேவையா? மாசம் 2,000 தனியா எடுத்து வச்சு, நாலாவது மாசம் மொத்தமா கொடுத்து வாங்குங்க. அந்த மூணு மாசத்தில் ஆசையே போயிட்டா 6,000 ரூபாயும் மிச்சம்.

முதல் 30 நாள்

இப்பவே ஆர்டர் ஆப்பைத் திறந்து, போன மாசம் அடிக்கடி வாங்கின மூணு ஐட்டத்தை எழுதுங்க. அதில் எத்தனை மேலே இருக்கிற "நல்லா வர்றது" பட்டியல் மாதிரியான சமையல்? பரோட்டாவும் பிரியாணியும்தான் இருக்குன்னா, இந்த மெஷின் உங்களுக்கு இல்லை. ஒண்ணு ரெண்டு பொருந்துச்சுன்னா வாங்கலாம், அந்த ரெண்டை மட்டும் முதல்ல பழகுங்க.

ஒவ்வொரு தடவை ஓட்டும்போதும் காலண்டரில் ஒரு கோடு போடுங்க. ஆர்டர் பண்ண நினைச்சு, அதுக்குப் பதிலா வீட்டில் செஞ்சிருந்தா மட்டும் அதை வட்டம் போடுங்க. வழக்கமா வாங்காத ஸ்நாக்ஸை இதுல புதுசா செஞ்சு சாப்பிட்டா அது கூடுதல் செலவு, மிச்சம் இல்லை. மாசக் கடைசியில் வட்டம் நாலுக்குக் குறைவுன்னா, பில்லும் வாரண்டியும் கையில் இருக்கும்போதே வித்துடுங்க. தூசி படிஞ்சப்புறம் பாதி விலைக்குக்கூட யாரும் கேட்க மாட்டாங்க.