நடைபாதையும் நம் கடமையும்

ஊருக்குப் பொதுவானவற்றுள் முதன்மையானது சாலை. அச்சாலையின் ஓரம் நடப்போர்க்கு உரியது. ஆனால் அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி ஆகிய சென்னையின் மேற்குப் புறநகர்களில் அவ்வோரமே நடப்போரை இடறி விழச் செய்வதைப் பல தெருக்களில் காண்கிறோம். நடைபாதை இல்லாமை குறித்துப் பலரும் பேசுவர். இருக்கின்ற பாதை, செப்பனிட்ட பின்னரும் ஏன் விரைவில் சீர்கெடுகிறது என்பதே இங்கு நாம் ஆராயும் பொருளாகும்.

விரற்கடை உயரம்

நடக்கும்போது நம் பாதம் மிக உயர எழுவதில்லை. சமதரையில் நடப்பவரின் கால்விரல் நுனி மிகத் தாழ்ந்து வரும் கணத்தில், அதற்கும் தரைக்கும் உள்ள இடைவெளி ஏறத்தாழ 1 முதல் 2 சென்டிமீட்டர் அளவே ஆகும். ஆகவே ஒரு விரற்கடை உயரம் துருத்தி நிற்கும் கல்லே ஒருவரை வீழ்த்தப் போதுமானது. பெரும்பள்ளம் கண்ணில் படும், விலகிச் செல்வோம். சிறு மேடோ கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. இளைஞர் தடுமாறினாலும் நிலைகொள்வர். முதியோர் விழுந்தால் இடுப்பெலும்பு முறியக்கூடும். நாள்தோறும் வைகறையில் பள்ளிவாசலுக்கு நடந்து சென்ற பெரியவர், அதன்பின் வீட்டு வாயிற்படியைத் தாண்ட அஞ்சும் நிலைக்கு ஆளாகிறார்.

செப்பனிடுதலில் நேரும் பிழைகள்

குடிநீர், கழிவுநீர்க் குழாய்களுக்காகவும் மின்கம்பி, தொலைபேசிக் கம்பிகளுக்காகவும் பாதை அடிக்கடி தோண்டப்படுகிறது. தோண்டிய மண்ணை ஒரே முறையில் தள்ளி மூடி, அதன்மேல் கற்களைப் பரப்பிவிடுவது முதற்பிழை. உதிரிமண்ணில் காற்றிடைவெளி மிகுதி. வடகிழக்குப் பருவமழையின் நீர் உள்ளிறங்கியதும் அம்மண் அமிழ்கிறது. மேலுள்ள கல் ஒருபுறம் தாழ, மறுபுறம் எழும்பி நிற்கிறது. மண்ணை 15 முதல் 20 சென்டிமீட்டர் அடுக்குகளாக இட்டு, ஈரப்படுத்தி, ஒவ்வோர் அடுக்கையும் இடித்து இறுக்கினால் இக்கேட்டைப் பெரிதும் தவிர்க்கலாம்.

பேவர் பிளாக் எனப்படும் சிமெண்டுக் கற்கள் ஒன்றையொன்று நெருக்கி நிற்பதாலேயே பளுவைத் தாங்குகின்றன. ஓரக்கல் பெயர்ந்தால் அந்நெருக்கம் தளர்ந்து, ஏனைய கற்களும் நகரத் தொடங்கும். பெயர்ந்த இடத்தில் சிமெண்டுக் கலவையைக் கொட்டி மேடாக்குவது இரண்டாம் பிழை. அது பள்ளத்தை நீக்கிவிட்டு இடறலை உண்டாக்குகிறது.

மழைநீர் வடிகாலின் மூடியே பல தெருக்களில் நடைபாதையாகப் பயன்படுகிறது. பழுது பார்க்கத் திறந்த மூடியைச் சமமாகப் பொருத்தாமல் விடுவது மூன்றாம் பிழை. பழைய தாரைச் சுரண்டாமல் அதன்மேலேயே புதிய தாரிடுவது நான்காம் பிழை. இதனால் சாலை உயர, ஓரம் தாழ்கிறது. பழைய மேற்பரப்பைச் சுரண்டிய பின்னரே சாலையிட வேண்டும் என அந்நாளைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு அவர்கள் 2021-இல் அறிவுறுத்தியது இதுபற்றியே.

பொறுப்பு யாருடையது?

அம்பத்தூர் 2011-இல் சென்னை மாநகராட்சியுடன் இணைந்தது. ஆவடி 2019-இல் தனி மாநகராட்சியாயிற்று. பூவிருந்தவல்லி நகராட்சியாக உள்ளது. பெருஞ்சாலைகளோ நெடுஞ்சாலைத் துறையின் பொறுப்பில் உள்ளன. எனவே தோண்டுபவர் ஒருவர், மூடுபவர் மற்றொருவர், விழுபவர் இவ்விருவரையும் அறியாதவர்.

விதிகளுக்குக் குறைவில்லை. நடப்பதற்கென 1.8 மீட்டர் அகலமேனும் தடையின்றி இருத்தல் வேண்டும் என்றும், நடைபாதை சாலையினின்று 15 சென்டிமீட்டருக்கு மேல் உயரலாகாது என்றும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் நெறிமுறை வகுத்துள்ளது. நடப்போர்க்கும் மிதிவண்டியினர்க்கும் முதன்மை தரும் கொள்கையைச் சென்னை மாநகராட்சி 2014-இல் ஏற்றது. நிதியில்லை என்று கூறி நகராட்சி தன் கடமையினின்று நழுவ இயலாது என்பதை இரத்லம் நகராட்சி வழக்கில் 1980-இலேயே உச்சநீதிமன்றம் தெளிவாக்கியது. தகுந்த நடைபாதையைப் பெறுதல் அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு காக்கும் வாழ்வுரிமையின் பகுதி என 2025-இல் அந்நீதிமன்றமே உரைத்தது.

நாம் செய்யத்தக்கவை

உரிமை தானே வந்து சேர்வதில்லை. கேட்டுப் பெறுதல் வேண்டும். "பாதை சரியில்லை" என்னும் பொதுப்புகாரால் பயன் குறைவு. தெரு, அருகிலுள்ள கதவு எண், மேட்டின் உயரம் ஆகியவற்றைக் குறித்து எழுதும் மனுவே அலுவலரைச் செயற்படுத்தும். அம்பத்தூர்வாசிகள் மாநகராட்சியின் 1913 எண்ணில் புகாரளிக்கலாம். குழி திறந்திருக்கும்போதே, மண்ணை இடித்து இறுக்குகின்றனரா எனப் பார்த்துக் கேட்பது அதனினும் நன்று. மூடிய பின் உள்ளிருக்கும் குறை தெரியாது. நாமும் நடைபாதையில் வண்டியை நிறுத்தாமலும், வீட்டு வாயிலின் சாய்தளத்தை அதன்மேல் நீட்டாமலும் இருத்தல் வேண்டும்.

பாதையில் கிடக்கும் இடையூற்றை அகற்றுவதும் தர்மமே என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் ஒரு விடுமுறை நாளில் அளவுகோலும் குறிப்பேடுமாகத் தம் தெருவை நடந்து அளந்து, துருத்தி நிற்கும் கற்களைப் பட்டியலிட்டு உரிய அலுவலகத்தில் சேர்ப்பித்தால், அதுவும் அத்தகைய தர்மமே ஆகும். அதனால் ஒரு முதியவர் விழாமல் வீடு சேர்ந்தாலும் அவ்வுழைப்பு வீண்போகாது.