சமையல் மேடைக்கு எந்தக் கல்? விலை கேட்கும் முன் தெரிய வேண்டியவை

பாச்சாங், பத்து பெரண்டாம் வட்டாரங்களில் பழைய தரை வீட்டை வாங்கிப் புதுப்பிப்போருக்குச் செலவை இழுக்கும் இடம் சமையலறை. தோட்டத்து லயன் வீட்டில் சிமெண்டு மேடை போதுமானதாக இருந்தது. இன்று கேபினட் கடைக்குப் போனால் கிரானைட், மார்பிள், குவார்ட்ஸ், சாலிட் சர்ஃபேஸ், சின்டர்டு ஸ்டோன் என வரிசையாக எடுத்து வைக்கிறார்கள். அழகு எல்லாவற்றிலும் உண்டு. நம் சமையலைத் தாங்குவது எது என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

கிரானைட் மலையிலிருந்து வெட்டி எடுக்கும் இயற்கைக் கல். தமிழ்நாட்டின் கிருஷ்ணகிரி, மதுரை வட்டாரக் கற்கள் பல நாடுகளுக்குப் போகின்றன. சூடு, கீறல் இரண்டையும் நன்றாகத் தாங்கும். ஆனால் அதில் நுண்துளைகள் உண்டு. எண்ணெயும் மஞ்சளும் உள்ளே இறங்காமலிருக்க அவ்வப்போது சீலர் பூச வேண்டும். மேடையில் சில சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். கால் மணி நேரத்தில் அந்த இடம் கறுத்தால், மறுபூச்சுக்கு நேரம் வந்துவிட்டது என்று பொருள்.

மார்பிள் பளிங்குக் கல். சுண்ணாம்புச் சத்தால் ஆனது என்பதால் எலுமிச்சை, புளி, வினிகர் பட்டாலே மெருகு அரிக்கப்படும். ரசமும் மீன் குழம்பும் அடிக்கடி வைக்கும் வீட்டுக்கு இது ஒத்துவராது.

குவார்ட்ஸ் என்பது கல்தூளைப் பிசினோடு கலந்து அழுத்திச் செய்யும் பலகை. கறை எளிதில் பிடிக்காது, சீலர் தேவையில்லை. பலவீனம் அதன் பிசினில் இருக்கிறது. வடை பொரிக்கும் எண்ணெய் 170 முதல் 180 பாகை செல்சியஸ் வரை சூடாகும். பல குவார்ட்ஸ் பலகைகளில் பிசின் 150 பாகையிலேயே பாதிப்படையத் தொடங்கும். சட்டியை அடுப்பிலிருந்து இறக்கி நேராக வைத்தால் தழும்பு விழலாம், வெடிக்கவும் செய்யலாம். வெயில் படும் பின்கட்டு அடுப்படியில் போட்டால் நாளடைவில் நிறம் மாறும்.

சாலிட் சர்ஃபேஸ் பிசின் அதிகமுள்ள பலகை. இணைப்பு தெரியாமல் ஒட்டலாம், கீறல் விழுந்தால் தேய்த்துச் சரி செய்யலாம். ஆனால் சூடு தாங்காது. சின்டர்டு ஸ்டோன் 1,200 பாகை அளவில் சுட்டெடுக்கப்படுவதால் சூட்டுக்கும் வெயிலுக்கும் அசையாது. ஓரத்தில் பலமாக அடிபட்டால் உடையும். எந்த மேடையானாலும் இடிகல்லை நேராக வைத்து இடிக்காமல், அடியில் தடித்த துணி போடுவது நல்லது.

வாங்குபவர் கண்ணில் படாத இன்னொரு விஷயம், கல்லை வெட்டும் தொழிலாளியின் நுரையீரல். சாதாரண குவார்ட்ஸ் பலகையில் சிலிக்கா 90 விழுக்காட்டுக்கு மேல்கூட இருக்கும். கிரானைட்டில் அது பாதிக்கும் குறைவு. உலர்ந்த நிலையில் அறுக்கும்போது பறக்கும் நுண்தூள் நுரையீரலில் படிந்து சிலிக்கோசிஸ் நோயை உண்டாக்குகிறது. அதற்கு முழுக் குணம் கிடையாது. இளம் தொழிலாளர்கள் பலர் பாதிக்கப்பட்டதால், ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் இவ்வகைப் பலகைகளைத் தயாரிக்கவும் விற்கவும் பொருத்தவும் தடை விதித்தது. நாடு முழுவதும் இப்படித் தடை செய்த முதல் நாடு அதுவே.

பொருத்தி முடிந்த மேடையால் வீட்டாருக்குத் தீங்கில்லை. ஆபத்து அறுக்கும்போதும் துளையிடும்போதும்தான். ஆகவே அளவெடுத்து, பட்டறையில் தண்ணீர் ஊற்றி அறுத்த பின் கொண்டுவரச் சொல்லுங்கள். அடுப்புக்கும் சிங்க்குக்கும் வேண்டிய துளைகளும் அங்கேயே போடப்பட வேண்டும். வீட்டு முன்வாசலில் உலர் அறுப்பு வேண்டாம் என்பதை விலை பேசும்போதே சொல்லிவிடலாம்.

நம் பிள்ளைகளில் யாராவது இந்த வேலையில் இருந்தால், சாதாரணத் துணி முகமூடி போதாது. தண்ணீர் அறுப்பும், முகத்தில் சரியாகப் பொருந்தும் சுவாசக் கவசமும் தேவை. விடாத இருமல், மூச்சிரைப்பு வந்தால் செய்யும் வேலையை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். சிலிக்கோசிஸ், சொக்சோ சட்டத்தின் தொழில்சார் நோய்ப் பட்டியலில் உள்ளது. முதலாளி சந்தா கட்டுகிறாரா என்பதை இன்றே பார்த்து வைப்பது நல்லது.