சொந்த வீடு தேடும்போது ஒத்திக்குப் போகலாமா? வாடகைக்குப் போகலாமா?

தஞ்சாவூர் - புதுக்கோட்டை சாலையில் இருக்கும் கந்தர்வக்கோட்டையில் முதல் வீடு வாங்கத் தேடுகிறீர்களா? அதுவரை தங்க, "ஒத்திக்குப் போயிட்டா மாச வாடகை மிச்சம்" என்பார்கள். சிக்கலே அங்கேதான். நல்ல வீடு அமையும்போது அட்வான்ஸ் கொடுக்க வேண்டிய சேமிப்பு ஒத்தியில் முடங்கியிருக்கும். "அடுத்த ஆள் வந்தாத்தான் பணம்" என்று வீட்டுக்காரர் கைவிரித்தால், பேசி முடித்த வீடு கைவிட்டுப் போகும்.

வாடகை செலவுதான், ஆனால் பெரும்தொகை கையிலேயே இருக்கும். ஒரு மாதம் முன்பு சொல்லிவிட்டுக் காலி செய்யலாம் என ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள், வாய்ப்பேச்சு போதாது. முன்பணத்துக்குத் தமிழ்நாடு வாடகைச் சட்டம் 2017 சொல்லும் 3 மாத வாடகையை அளவாக வைத்துப் பேசலாம்.

வாடகை வீட்டில் இருந்தபடியே, பார்த்த வீட்டின் வில்லங்கத்தைப் பதிவுத்துறை இணையதளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். பட்டா யார் பெயரில் இருக்கிறது என்பதையும் ஆன்லைனிலேயே சரிபார்க்கலாம்.