சர்வரை எப்போது ரீபூட் செய்வது?

2004 செப்டம்பர் 14 மாலை, தெற்குக் கலிஃபோர்னியா வானில் பறந்துகொண்டிருந்த விமானங்களுக்குத் தரையிலிருந்து வந்த குரல் திடீரென்று நின்றுபோனது. பாம்டேல் கட்டுப்பாட்டு மையத்தின் ரேடியோத் தொடர்பு சிஸ்டம் படுத்துவிட்டது. மாற்றாக வைத்திருந்ததும் கைகொடுக்கவில்லை. சில விமானங்கள் ஒன்றையொன்று ஆபத்தாக நெருங்கின. நல்லவேளை, மோதல் நடக்கவில்லை.

கோளாறு ஒரு கவுன்ட்டரில். நேரத்தை மில்லி விநாடிகளாக எண்ணிய அதற்கு ஒதுக்கியிருந்த இடம் 32 பிட். அதில் 429 கோடியே சொச்சம்தான் அடங்கும். நாள் கணக்கில் 49.7. அது தீர்ந்தால் சிஸ்டம் நின்றுவிடும். இந்த வில்லங்கம் முன்பே தெரிந்திருந்ததால், 30 நாளுக்கு ஒருமுறை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும் என்று விதி வைத்திருந்தார்கள். ஒருமுறை யாரோ தவறவிட்டார்கள்.

மாதாமாதம் ரீபூட் செய்தால் சர்வர் நன்றாக ஓடும் என்று நம்புகிறவர்கள் இதைக் கவனிக்கலாம். மெமரி கசிகிறதென்றால் ரீபூட் வெறும் வலி மாத்திரை. எந்த புரோகிராம் கசியவிடுகிறது என்பதற்கான தடயமும் அதோடு போய்விடும்.

அதற்காக வருடக்கணக்கில் நிறுத்தாமல் ஓட்டிவிட்டு, அப்டைமைக் காட்டிப் பெருமையடிப்பதும் சரியில்லை. லினக்ஸில் புதிய கெர்னலை இன்ஸ்டால் செய்தாலும் ரீபூட் ஆகும்வரை மெமரியில் ஓடுவது ஓட்டையுள்ள பழையதுதான். 2015இல் வந்த லினக்ஸ் 4.0 முதல், ஓடும் கெர்னலிலேயே திருத்தம் போடும் வசதி உண்டு. எல்லாத் திருத்தமும் அதற்குள் அடங்காது.

என்னைக் கேட்டால், ரீபூட்டின் பெரிய பயன் வேறு. அவசரத்துக்கு ஒருவர் புது டிஸ்க்கைக் கையால் மவுன்ட் செய்கிறார். எஃப்எஸ்டேப் ஃபைலில் எழுத மறக்கிறார். எல்லாம் ஓடுகிறது. இரண்டு வருடம் கழித்து நள்ளிரவில் கரன்ட் போய் வருகிறது. சர்வர் எழுகிறது, டேட்டாபேஸ் எழவில்லை. அதன் டிஸ்க்கைக் காணோம். செய்தவர் எப்போதோ வேலை மாறிப் போயிருப்பார். மாற்றம் செய்த அன்றே ஒரு ரீபூட் போட்டிருந்தால் பத்து நிமிஷத்தில் பிடிபட்டிருக்கும்.

ஆகவே காலண்டரைப் பார்த்து அல்ல, ஒவ்வொரு மாற்றத்துக்கும் பேட்சுக்கும் பிறகு ரீபூட் செய்யுங்கள். அதுவும் ஆட்கள் ஆபீஸில் இருக்கும், கூட்டம் குறைந்த நேரத்தில். சுமையைப் பகிரும் சர்வர்கள் இரண்டு இருந்தால், முதலாவது எழுந்து வேலையை ஏற்றுக்கொண்டதைப் பார்த்த பிறகே அடுத்ததில் கை வைக்க வேண்டும்.