இணைய வணிகத்தில் வெல்வது அறிமுகமா, உழைப்பா? மட்டாஞ்சேரி சந்தை தரும் விளக்கம்

கொச்சி: கைப்பேசியில் வரும் ஓர் அழைப்பு, "உழைத்தால் போதும், ஆறு மாதத்தில் சொந்த வணிகம்" என்கிறது. அடுத்த அழைப்பு, "உழைப்பெல்லாம் பழைய காலம், யாரைத் தெரியும் என்பதுதான் முதலீடு" என்கிறது. இரண்டையும் அனுப்புபவர் பெரும்பாலும் ஒரே நபர்தான். இணையவழிச் சந்தைப்படுத்தல் என்ற பெயரில் கேரளத்திலும் தமிழகத்திலும் இளைஞர்களையும் இல்லத்தரசிகளையும் ஓய்வூதியர்களையும் நாடி வரும் திட்டங்கள் இவ்விரு வாசகங்களையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துகின்றன. இவற்றில் எது உண்மை என்பதை அறிய, அறிமுகத்தையும் உழைப்பையும் சில நூற்றாண்டுகளாகக் கணக்குப் பார்த்துவரும் மட்டாஞ்சேரி நறுமணப் பொருள் சந்தையைப் பார்ப்பது உதவும்.

'நெட்வொர்க்கிங்' என்ற சொல்லைத் தமிழாக்கும்போதே சிக்கல் தொடங்கிவிடுகிறது. ஒரு வணிகர் சரக்கை விற்பதற்காகப் பலருடன் பழகுவதும் நெட்வொர்க்கிங். ஒருவர் தமக்குக் கீழே ஐந்து பேரைச் சேர்த்து அவர்கள் கட்டும் தொகையில் பங்கு பெறுவதும் நெட்வொர்க்கிங். முன்னதைத் 'தொடர்பு' என்றும் பின்னதை 'ஆள்சேர்ப்பு' என்றும் எழுதினால் குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும். திட்டங்களை விற்பவர்கள் அந்த ஆங்கிலச் சொல்லை மொழிபெயர்க்காமல் விட்டுவிடுவது தற்செயலாக இருக்க வாய்ப்பில்லை.

கைச்சைகையிலிருந்து கணினித் திரைக்கு

மட்டாஞ்சேரியின் பஜார் சாலை உப்பங்கழியின் கரையை ஒட்டிச் செல்கிறது. ஒரு பக்கம் கிடங்குகளின் வாசல், மறு பக்கம் படகுத்துறை. மிளகும் இஞ்சியும் மஞ்சளும் ஏலக்காயும் மலைப்பகுதிகளிலிருந்து இங்கு வந்துசேர்ந்து, இங்கிருந்து கடல் கடந்தன. கொங்கணிகள், குஜராத்திகள், கச்சி மேமன்கள், யூதர்கள், தமிழர்கள் எனப் பல சமூகத்தினர் இந்தச் சிறு நிலப்பரப்பில் கடை விரித்தனர். ஒரு சமூகத்தின் கிடங்கிலுள்ள சரக்கை மற்றொரு சமூகத்தின் ஏற்றுமதியாளர் வாங்க வேண்டுமானால் இருவருக்கும் பொதுவான ஒருவர் தேவைப்பட்டார். அவர்தான் தரகர். இருவரின் நம்பிக்கையையும் பெற்றிருந்ததே அவருடைய மூலதனம்.

இந்தப் பழக்கத்தை நிறுவனமாக்கியது, 'இப்ஸ்டா' என்று அழைக்கப்படும் இந்திய மிளகு மற்றும் நறுமணப் பொருள் வர்த்தகச் சங்கம். யூதத் தெருவில் அமைந்துள்ள இச்சங்கம் 1957-ஆம் ஆண்டிலிருந்து மிளகின் முன்பேர வணிகத்தை நடத்தியது. அறை நிறைய நின்ற தரகர்கள் உரத்த குரலிலும் கைச்சைகையிலும் விலை கூறிய காட்சி, பயணிகள் எட்டிப்பார்த்துச் செல்லும் அளவுக்குப் பெயர் பெற்றிருந்தது. 1997-இல் பன்னாட்டு வணிகர்களும் பங்கேற்கும் மிளகு ஒப்பந்தத்தையும் இச்சங்கம் தொடங்கியது.

அதன் பிறகு திரை வந்தது. மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட 'என்சிடிஇஎக்ஸ்' பண்டகச் சந்தை 2004-இல் மிளகு முன்பேர வணிகத்தை நாடு தழுவிய கணினி வலையமைப்பில் தொடங்கியது. யூதத் தெருவில் யாரையும் தெரியாத ஒருவர், மிளகைக் கையில் எடுத்தே பார்க்காத ஒருவர், எந்த ஊரிலிருந்தும் வாங்கி விற்க முடிந்தது. அறிமுகத்தின் தேவையைத் திரை ஒழித்துவிட்டதாகவே அப்போது தோன்றியது.

எட்டு ஆண்டுகள் கழித்து, 2012 டிசம்பரில், கொச்சியிலுள்ள அச்சந்தையின் அங்கீகாரம் பெற்ற கிடங்குகளில் இருந்த ஆயிரக்கணக்கான டன் மிளகை உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் முடக்கினர். பூஞ்சை படியாமலும் மினுமினுப்பாகவும் இருப்பதற்காகக் கனிம எண்ணெய் பூசப்பட்டிருந்தது என்பது புகார். திரையில் எண்களாக மட்டும் கைமாறிய சரக்கின் தரம் கிடங்கின் கதவைத் திறந்தபோதுதான் கேள்விக்குள்ளானது. 2013-இல் அங்கு மிளகு முன்பேர வணிகம் நின்றுபோனது. சரக்கை முகர்ந்து, உள்ளங்கையில் உருட்டி, ஈரம் பார்த்து வாங்கும் பழைய வேலையைத் திரை செய்துவிடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இதே காலத்தில் வேறொரு பண்டம் வேறு விதமாகத் திரைக்கு மாறியது. நறுமணப் பொருள் வாரியம் 2007-இல் ஏலக்காய் ஏலத்தை மின்னணு முறைக்குக் கொண்டுவந்தது. தேனி மாவட்டம் போடிநாயக்கனூரிலும் கேரளத்தின் இடுக்கி மாவட்டத்திலும் நடைபெறும் இந்த ஏலங்களில் விலை கேட்பது கணினியில். ஆனால் உரிமம் பெற்ற வணிகர் முன் ஒவ்வொரு குவியலின் மாதிரியும் வைக்கப்படுகிறது. அதைப் பிரித்து, நிறமும் பருமனும் பார்த்த பின்னரே அவர் பொத்தானை அழுத்துகிறார். யார் வாங்குகிறார், யார் விற்கிறார் என்பதை வாரியத்தின் உரிமம் உறுதி செய்கிறது. என்ன வாங்குகிறோம் என்பதை வணிகரின் விரல்கள் உறுதி செய்கின்றன.

பலவீனமான அறிமுகத்தின் பலம்

அறிமுகத்தால் பயனில்லை என்று இதற்குப் பொருளில்லை. அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை, நெருங்கிய நண்பர்களைவிட அரிதாகச் சந்திக்கும் அறிமுகங்களே புதிய வாய்ப்புகளைக் கொண்டுவருகின்றன என்று வாதிட்டது. நெருங்கியவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் நமக்கும் தெரிந்திருக்கும். தூரத்து அறிமுகமே வேறோர் உலகத்தின் செய்தியைக் கொண்டுவரும் என்பது அதன் தர்க்கம். 2022-இல் 'சயின்ஸ்' இதழில் வெளியான ஆய்வு, 'லிங்க்டுஇன்' தளத்தின் சுமார் 2 கோடிப் பயனர்களின் தரவுகளைக் கொண்டு இதைச் சோதித்தது. வேலை தேடுவோருக்கு மிக நெருங்கிய தொடர்புகளைவிட ஓரளவு தளர்வான தொடர்புகளே அதிகம் உதவின என்று அது கண்டறிந்தது.

மட்டாஞ்சேரித் தரகர் செய்தது ஏறத்தாழ இதுவே. தம் உறவினருக்கு அவர் மிளகு விற்கவில்லை. ஒருவரையொருவர் அறியாத இரு வட்டங்களை இணைத்தார்.

யூதத் தெருவிலேயே இதற்கு ஊரறிந்த ஓர் எடுத்துக்காட்டு உண்டு. பூத்தையல் துணிகள் விற்ற சாரா கோஹன், 2019 ஆகஸ்டில் 96-ஆம் வயதில் காலமானார். கொச்சியின் பரதேசி யூதச் சமூகத்தின் மிக மூத்த உறுப்பினராக இருந்தவர் அவர். அவருடைய கடையை இன்று பேணிவருபவர் தஹா இப்ராஹிம் என்ற இஸ்லாமியர். சிறுவனாக அதே தெருவில் பயணிகளிடம் அஞ்சலட்டை விற்றுக்கொண்டிருந்த அவருக்கு, சரக்கை வைத்துக்கொள்ள சாராவின் கணவர் ஜேக்கப் கோஹன் தம் வீட்டில் இடம் கொடுத்தார். அங்கிருந்து வளர்ந்தது அந்த உறவு. அறிமுகம் வாசலைத் திறந்தது உண்மை. ஆனால் அஞ்சலட்டைக் கட்டுடன் நாள்தோறும் அத்தெருவில் நின்றிராவிட்டால் அந்த அறிமுகமே நேர்ந்திருக்காது.

கணக்கு எங்கே உடைகிறது?

ஆள்சேர்ப்புத் திட்டங்களில் நிலைமை அடியோடு மாறுகிறது. ஒவ்வொருவரும் ஐந்து பேரைச் சேர்க்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். முதல் அடுக்கில் 5 பேர், இரண்டாவதில் 25, மூன்றாவதில் 125. பத்தாவது அடுக்கில் ஏறத்தாழ 98 லட்சம் பேர் தேவை. பதினொன்றாவது அடுக்குக்கு 4.88 கோடி பேர் வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கேரளத்தின் மொத்த மக்கள்தொகையே 3.34 கோடிதான்.

இதில் பலர் கவனிக்கத் தவறும் செய்தி ஒன்று உள்ளது. இத்தகைய அமைப்பு எந்த அடுக்கில் நின்றாலும், உறுப்பினர்களில் சுமார் 80 சதவீதத்தினர் கடைசி அடுக்கில் இருப்பார்கள். அவர்களுக்குக் கீழே ஒருவரும் இல்லை. அனைவரும் சம அளவு உழைத்தாலும், அனைவருக்கும் சம அளவு அறிமுகங்கள் இருந்தாலும் இந்த விகிதம் மாறாது. "நீங்கள் போதுமான அளவு உழைக்கவில்லை" என்று பணம் இழந்தவரிடம் சொல்லப்படும் சமாதானம் எவ்வளவு பொருளற்றது என்பதை இந்த எளிய பெருக்கல் காட்டிவிடுகிறது. இழப்பு உழைப்புக் குறைவால் வந்ததன்று. சேர்ந்த வரிசையால் வந்தது.

கொச்சிக்கு இது புதிய பாடமும் இல்லை. எர்ணாகுளத்தில் இயங்கிய 'எல்ஐஎஸ்' நிறுவனத்தின் 'தீபஸ்தம்பம்' திட்டத்தில் ஓர் அலகுக்கு ரூ.625 செலுத்தியவருக்கு, புதியவர்கள் சேரச் சேர ரூ.1,250 தருவதாகக் கூறப்பட்டது. இவ்வழக்கில் 2008-இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், முகாந்திர அளவில் இது 1978-ஆம் ஆண்டின் பரிசுச் சீட்டு மற்றும் பணச் சுழற்சித் திட்டங்கள் தடைச் சட்டத்தின் வரம்புக்குள் வருவதாகக் கண்டு, நிறுவனத்தினர் விசாரணையை எதிர்கொள்ள வேண்டும் என்றது. ஒருவருக்கு இரட்டிப்பாகத் தர இருவர் வேண்டும், அந்த இருவருக்கு நால்வர் வேண்டும் என்று கணக்கிட்டால் 25-ஆவது இரட்டிப்பில் தேவைப்படுவோர் எண்ணிக்கை கேரளத்தின் மக்கள்தொகையைத் தாண்டுகிறது.

பின்னர் இத்தகைய புகார்கள் இணையத்துக்கு இடம்பெயர்ந்தன. மளிகைப் பொருள்களை இணையவழி விற்பதாகக் கூறிய திருச்சூரின் 'ஹைரிச் ஆன்லைன் ஷாப்பி' நிறுவனத்தின் நிர்வாக இயக்குநர், சுமார் ரூ.126 கோடி ஜிஎஸ்டி ஏய்ப்புக் குற்றச்சாட்டில் 2023 டிசம்பரில் கைது செய்யப்பட்டார். தொடர்ந்து அமலாக்கத் துறையும் விசாரணையில் இறங்கியது. கைப்பேசியில் விளம்பரம் பார்த்தால் வருவாய் என்று கூறிய கோவையின் 'மைவி3 ஆட்ஸ்' மீது வழக்குப் பதியப்பட்டபோது, 2024 ஜனவரியில் நீலாம்பூரில் ஆயிரக்கணக்கானோர் நிறுவனத்துக்கு ஆதரவாகத் திரண்டனர். புகாருக்கு உள்ளான நிறுவனத்துக்காக வாடிக்கையாளர்களே திரள்வது வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு வியப்பளிக்கலாம். உள்ளே இருப்பவரின் நிலை வேறு: திட்டம் நின்றால் தம் பணம் மட்டுமல்லாமல், தாம் சேர்த்துவிட்ட மைத்துனர், பக்கத்து வீட்டுக்காரர், பள்ளித் தோழி ஆகியோரின் பணத்துக்கும் அவர் பதில் சொல்ல வேண்டும்.

சட்டப்படி அனுமதிக்கப்பட்ட பல அடுக்கு விற்பனையிலும் வருவாய் குறித்த எதிர்பார்ப்பு அடக்கமாகவே இருக்க வேண்டும். அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2024-இல் இத்தகைய நிறுவனங்களின் 70 வருவாய் அறிக்கைகளை ஆராய்ந்தது. பங்கேற்பாளர்களில் மிகப் பெரும்பாலோர் பெற்றது ஆண்டுக்கு 1,000 டாலர் அல்லது அதற்கும் குறைவு. அதுவும் செலவுகளைக் கழிப்பதற்கு முன்.

விதிகள் சொல்வது என்ன?

மத்திய அரசு 2021 டிசம்பர் 28-இல் அறிவித்த நுகர்வோர் பாதுகாப்பு (நேரடி விற்பனை) விதிகள், பிரமிடு திட்டங்களையும் பணச் சுழற்சித் திட்டங்களையும் வெளிப்படையாகத் தடை செய்கின்றன. நேரடி விற்பனை நிறுவனம் நுழைவுக் கட்டணமோ பதிவுக் கட்டணமோ வசூலிக்கக் கூடாது. வருவாய், பொருளின் விற்பனையிலிருந்து வர வேண்டும். ஆள் சேர்த்ததற்காக வரக் கூடாது. விற்பனையாளர் அடையாள அட்டை இல்லாமலும் முன்னனுமதி பெறாமலும் வீட்டுக்கு வரக் கூடாது. புகார் பெற்ற 48 வேலை நேரத்துக்குள் குறைதீர் அலுவலர் அதை ஏற்றதற்கான ஒப்புகை தர வேண்டும். இணையவழி விற்கும் நேரடி விற்பனை நிறுவனங்களுக்கு 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளும் பொருந்தும்.

உண்மையான இணைய வணிகத்தின் உழைப்பு இதைவிடச் சலிப்பூட்டுவது. மட்டாஞ்சேரியிலிருந்து மிளகுப் பொட்டலம் அனுப்ப விரும்புபவர், உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க எண்ணை உறையில் அச்சிட வேண்டும். நிகர எடை, அதிகபட்ச விலை, பொதி செய்தவர் முகவரி, புகார் தெரிவிக்கும் வழி ஆகியன இருக்க வேண்டும். மழைக்காலத்தில் மிளகில் ஈரம் ஏறாமல் காக்க வேண்டும். திரும்பி வரும் பொட்டலங்களின் கூரியர் செலவைத் தாங்க வேண்டும். இவற்றில் எதையும் அறிமுகங்கள் செய்து தர மாட்டா. முதல் இருபது பொட்டலங்களை விற்றுத் தருவது வரையே அவற்றின் பங்கு. இருபத்தோராவது பொட்டலத்தை வாங்குவதா என்பதை முதல் பொட்டலத்தின் மணம் தீர்மானிக்கும்.

ஒரு திட்டத்தில் சேரும் முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: நாளை முதல் புதிதாக ஒருவர்கூடச் சேரவில்லை என்றால், அடுத்த மாதம் எனக்கு எதிலிருந்து பணம் வரும்? பதிலில் ஒரு பொருளின் பெயரும் அதை வெளியார் வாங்கும் விலையும் இல்லையெனில், செலுத்திய தொகைக்கான ரசீது, வாட்ஸ்ஆப் உரையாடல், வங்கிப் பரிமாற்ற விவரம் ஆகியவற்றைப் பாதுகாத்துவைத்துக்கொண்டு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். பணம் ஏற்கெனவே இணையவழியில் பறிபோயிருந்தால் 1930 என்ற எண்ணில் உடனே புகாரளிக்க வேண்டும். தாமதம் குறையக் குறைய, அது எதிர்முனைக் கணக்கிலிருந்து எடுக்கப்படும் முன் முடக்கப்படும் வாய்ப்பு கூடும்.