ரப்பர் தோட்டத்துத் தேன்

புவிசார் குறியீடு பெற்ற மார்த்தாண்டம் தேனில் பெரும்பங்கு பூவிலிருந்து வருவதில்லை என்றால் பலர் நம்புவதில்லை. கன்னியாகுமரி மாவட்டத்து ரப்பர் மரங்கள் குளிர்காலத்தில் இலையுதிர்த்து, மாசி வாக்கில் துளிர்க்கின்றன. அந்தத் தளிரில் மூன்று இலைகளும் சேரும் காம்பு நுனியை உற்றுப் பாருங்கள். சின்னச் சின்னச் சுரப்பிகள் தெரியும். அங்கே கசியும் இனிப்பு நீரைத்தான் தேனீக்கள் உறிஞ்சிச் செல்கின்றன. கூட்டில் அதை வாய்க்கு வாய் மாற்றி, சிறகால் விசிறி ஈரத்தை வற்றவைத்து, அறை நிரம்பியதும் மெழுகால் மூடிவிடுகின்றன. மூடாத அடையை அவசரப்பட்டு எடுத்தால் தேன் புளித்துப்போகும்.

இங்கே பெட்டியில் வளர்வது அடுக்குத் தேனீ. வெட்டவெளியில் ஒற்றை அடை கட்டும் மலைத்தேனீ பெட்டிக்குள் அடங்காது. அடுக்குத் தேனீயோ இருண்ட பொந்துக்குள் அடுக்கடுக்காகக் கட்டிப் பழகியது. அதன் உடலளவுக்கு ஏற்ப, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாதிரியார் நியூட்டன் வடிவமைத்த சிறிய பெட்டி தென்னாட்டில் பரவியது. கீழே புழு அறை, மேலே தேன் அறை. மேலறைச் சட்டங்களை மட்டும் உருவி, இயந்திரத்தில் சுழற்றித் தேனெடுத்துவிட்டு, அடையைச் சேதமின்றித் திருப்பி வைக்கலாம். குஞ்சுகளோடு சேர்த்து அடையைப் பிழிந்த பழைய கொடுமைக்கு அவசியமே இல்லாமல் போனது.

இந்தத் தொழில் ஒருமுறை ஏறக்குறைய அழிந்தே போனது. 1991-92இல் ‘தாய் சாக்புரூட்’ வைரஸ் தென்னிந்தியாவில் பரவியபோது, புழுக்கள் நீர் நிறைந்த பைபோல ஊதிச் செத்தன. பெட்டிகள் வரிசையாகக் காலியாயின. தப்பிய கூட்டங்களைப் பிரித்துப் பெருக்கித்தான் வளர்ப்பவர்கள் மீண்டார்கள். அவர்களுடைய பொறுமைக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

தேன் எடுப்பது சில மாத வேலை; தேனீயைக் காப்பதுதான் ஆண்டு முழுவதற்குமான வேலை. தென்மேற்குப் பருவமழையில் தேன்வரத்து நின்றுவிடும். அப்போது சர்க்கரைப் பாகு வைக்காவிட்டால் கூட்டம் பெட்டியைவிட்டே ஓடிவிடும். மெலிந்த கூட்டத்தில் மெழுகுப் பூச்சி புகும். பெட்டிக்காலில் நீர்க்கிண்ணம் இல்லையென்றால் எறும்பு ஏறும்.

வளர்க்க நினைப்பவர்கள் ஒன்றுக்கு இரண்டு பெட்டிகளாக வாங்குங்கள். ஒன்றில் ராணி இறந்தால், மற்றதிலிருந்து முட்டையுள்ள சட்டம் ஒன்றை எடுத்து வையுங்கள். வேலைக்காரத் தேனீக்களே புது ராணியை வளர்த்துக்கொள்ளும்.